கேட்டுச் சேர்ந்த நாடும் கேளாது சேர்த்த நாடும்

(புத்தளம் மாவட்டம் உடப்பில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று காலை கற்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்யும் அன்பர் ஒருவர் நம்மிடம் ஒரு வினாவை விடுத்தார். "சமஷ்டி, சமஷ்டி என்று வடக்கிலும் கிழக்கிலும் பேசி வருகிறீர்கள். வடமேல் மாகாணத்தில் கிடக்கும் எங்களுக்கு அதனால் ஆவதென்ன?" என்று கேட்டார். அவ்வினாவிலே கசப்பு இருந்தது, நியாயமும் இருந்தது. 1949ஆம் ஆண்டு முதல் இக்கோரிக்கையைச் சுமந்து வரும் நாம் அதற்கு நேர் நின்று விடையிறுக்கக் கடமைப்பட்டுள்ளோம். அவ்விடையைத் தேடும் பொருட்டு, தனித்தனியே இருந்த நாடுகள் ஒன்றாய்க் கூடிய முறைகள் இரண்டை உங்கள் முன் வைக்கிறோம். ஒன்று நமது நாடு கண்ட முறை. மற்றொன்று அவுஸ்திரேலியா கண்ட முறை.

களப்பின் இரு கரைகள்

நமது கதையைத் தொடங்க நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை கற்பிட்டியில் இன்றும் நிற்கிறது. அங்கே அதனை ஏன் கட்டினர்? களப்பின் மறுகரையிலுள்ள புத்தளம் அக்காலத்தில் கண்டி மன்னனின் துறைமுகம். மலைநாட்டின் பாக்கும் பிற பண்டங்களும் அவ்வழியே கடலுக்குப் போயின. அவ்வாணிபத்தைக் கட்டுப்படுத்தவே ஒல்லாந்தன் களப்பின் வாயிலில் வந்து குந்தினான். ஆகவே, இன்று நாம் மீன்பிடிக்கும் இக்களப்பு அன்று இரண்டு ஆட்சிகளின் எல்லையாக இருந்தது என்பதை மறவாதீர்கள். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு கண்டியரசு தன் கடற்கரை முழுவதையும் இழந்தது.

1796இல் ஒல்லாந்தரை அகற்றி ஆங்கிலேயர் வந்தனர். 1802இல் கரையோரம் பிரித்தானிய முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டிப் பிரதானிகள் ஒப்பமிட்ட உடன்படிக்கையால் மலைநாடும் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. அதன் பின்னரும் கண்டி மாகாணங்கள் வேறாகவும் கரையோர மாகாணங்கள் வேறாகவுமே ஆளப்பட்டன. ஒரே அரசனின் கீழ் இரண்டு நிருவாகங்கள் இருந்தன.

இவற்றை ஒன்றாக்கியது எது? 1829இல் இங்கு வந்த கோல்புறூக் என்னும் விசாரணை ஆணையாளரின் அறிக்கை. அதன்படி 1833 ஒக்டோபர் முதலாம் நாள் தீவு முழுவதும் ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டு, கொழும்பின் கீழ் ஒரே ஆட்சியாயிற்று. செலவைச் சுருக்கவேண்டும், கண்டியரின் தனியுணர்ச்சியைத் தளர்த்தவேண்டும் என்பன அவர்களது நோக்கங்கள். அவ்வாண்டு நிறுவிய சட்டநிரூபண சபையில் 15 அங்கத்தவர். ஒன்பதின்மர் உத்தியோகத்தர், அறுவர் தேசாதிபதி நியமித்தோர். இக்கற்பிட்டியிலே 1807இல் பிறந்து, "தமிழ் புளூட்டாக்" என்னும் நூலை எழுதிய சைமன் காசிச்செட்டி அவர்கள் 1838இல் அச்சபையில் அமர்ந்தார். நமக்கெல்லாம் பெருமையே. ஆயினும் அவரும் நியமனம் பெற்றவரே; மக்கள் தெரிந்தனுப்பியவர் அல்லர்.

1845இல் வடமேல் மாகாணம் வெட்டியெடுக்கப்பட்டது. 1889இல் சப்பிரகமுவ ஒன்பதாவது மாகாணமாயிற்று. ஐந்து ஒன்பதான இந்த ஐம்பத்தாறு ஆண்டுகளில் கோடு கீறியவர் பலர். கோட்டுக்குள் வாழ்ந்தவனைக் கேட்டவர் ஒருவருமிலர். ஒற்றையாட்சியால் வீதிகளும் புகையிரதமும் வந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. இசைவு இல்லாது வந்த ஐக்கியம் அது என்பதையே கூறுகிறோம். அதனாற்றான் 1926இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அவர்கள் சமஷ்டியே இந்நாட்டுக்கு ஏற்றதென எழுதினார். டொனமூர் ஆணைக்குழு வந்த காலத்தில் கண்டியரின் தேசிய சபையும் சமஷ்டியையே கேட்டது. தமிழன் இக்கோரிக்கையைக் கையிலெடுப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே சிங்களத் தலைவர்கள் இதனைப் பேசினர் என்பது சரித்திரம்.

ஆற்றின் இரு கரைகள்

இனி மற்றக் கதைக்கு வருவோம். சப்பிரகமுவ மாகாணத்தைத் தேசாதிபதி தோற்றுவித்த அதே 1889இல், அவுஸ்திரேலியாவில் டென்டர்பீல்ட் என்னும் சிற்றூரிலே நியூசவுத்வேல்ஸ் பிரதமர் ஹென்றி பார்க்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார். அக்கண்டத்திலும் அதன் தெற்கேயுள்ள தாஸ்மேனியாத் தீவிலுமாக அன்று ஆறு குடியேற்ற நாடுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பாராளுமன்றம், தனிச் சுங்கம், தனித் தபால். தண்டவாளத்தின் அகலங்கூட வேறு வேறு. சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்குப் போகிறவன் எல்லையில் இறங்கி வேறு வண்டி ஏறவேண்டும். இந்த ஆறும் ஒன்றாக வேண்டும் என்றார் பார்க்ஸ்.

1891இல் சிட்னியில் மகாநாடு கூடியது. ஆறு பாராளுமன்றங்களும் அனுப்பிய பெரிய மனிதர்கள் அமர்ந்து நல்லதோர் அரசியற் சட்ட நகலை வரைந்தார்கள். அது கிடப்பிற் போய்விட்டது. ஏன்? தலைவர்கள் எழுதினர், மக்கள் அறியார். ஒவ்வொரு பாராளுமன்றமும் வேறு அலுவல் பார்க்கப் போயிற்று.

அதற்கு உயிர் கொடுத்தது எது தெரியுமா? ஓர் ஆற்றங்கரை. மறே ஆறு நியூசவுத்வேல்சுக்கும் விக்டோரியாவுக்கும் எல்லை. இக்கரையில் விளைந்ததை அக்கரைச் சந்தைக்குக் கொண்டுபோகும் கமக்காரன் சுங்கத்துக்கு உட்பட்டான். அவ்வாற்றங்கரையில் கொரோவா என்னும் ஊரில் 1893இல் எல்லைப்புற மக்கள் ஒரு மகாநாடு கூட்டினர். அங்கே பென்டிகோ நகரத்துச் சட்டத்தரணி ஜோன் குயிக் ஒரு பிரேரணை கொண்டுவந்தார்: அரசியற் சட்டத்தை வகுப்போரை மக்களே தெரிவுசெய்யட்டும், வகுத்த பின் அதனை மக்களின் வாக்குக்கு விடுங்கள். இவ்வளவே பிரேரணை. ஒரு சட்டத்தரணியும் கமக்காரரும் ஓராற்றங்கரையிற் கூடிச் செய்த தீர்மானம் ஒரு கண்டத்தின் வரலாற்றைத் திருப்பிவிட்டது.

1897, 1898ஆம் ஆண்டுகளில் அடிலெய்ட், சிட்னி, மெல்பேர்ண் நகரங்களில் புதிய மகாநாடு கூடியது. 1898 ஜூனில் நான்கு நாடுகளில் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. நியூசவுத்வேல்சில் 71,595 பேர் ஆதரவாகவும் 66,228 பேர் எதிராகவும் வாக்களித்தனர். பெரும்பான்மை ஆதரவே. ஆயினும் 80,000 ஆதரவு வாக்குகள் வேண்டுமென முன்னரே விதித்திருந்தமையால் அது தோற்றதாகவே கொள்ளப்பட்டது! அதற்காக எவரும் படை அனுப்பவில்லை. பிரதமர்கள் 1899இல் மறுபடியும் கூடினர். தலைநகர் நியூசவுத்வேல்சுக்குள் அமையும், ஆனால் சிட்னிக்கு நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் என்றும், வேறு சிலவற்றையும் திருத்தி, மீண்டும் மக்களிடம் சென்றனர். அம்முறை வென்றது. குயின்ஸ்லாந்தும் அவ்வாண்டே இசைந்தது. மேற்கு அவுஸ்திரேலியா 1900 ஜூலையில் இசைந்தது. 1901 ஜனவரி முதலாம் நாள் சமஷ்டி அவுஸ்திரேலியா பிறந்தது.

சிறியவனுக்கு அங்கே என்ன கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். தாஸ்மேனியாவில் ஏறத்தாழ 1,70,000 மக்கள். நியூசவுத்வேல்சில் 13 இலட்சத்துக்கு மேல். ஆயினும் செனட் சபையில் இரண்டுக்கும் தலைக்கு ஆறு ஆசனங்கள். கீழ்ச்சபையில் தொடக்கத்தில் இணைந்த நாடு எதற்கும் ஐந்து ஆசனத்துக்குக் குறையாது. சுங்க வருமானத்தில் நான்கில் மூன்று பங்கை முதற் பத்தாண்டுகளுக்கு மாநிலங்களுக்கே திருப்பவேண்டும். அரசியற் சட்டத்தைத் திருத்தவேண்டின் நாட்டு மக்களின் பெரும்பான்மையும் மாநிலங்களின் பெரும்பான்மையும் ஒருங்கே வேண்டும். பெரியவன் தன் எண்ணிக்கையால் சிறியவனை விழுங்க முடியாது என்ற உறுதி கிடைத்த பின்னரே சிறியவன் வந்து சேர்ந்தான்.

"பெடரல்" என்னும் சொல்லுக்கு மூலமான இலத்தீன் சொல் உடன்படிக்கை எனப் பொருள்படும். சமஷ்டியைப் பிரிவினை என்போர் இதனைச் சிந்திக்கவேண்டும். நமது உயர் நீதிமன்றமே 2017 ஓகஸ்ட் 4ஆம் நாள், சமஷ்டி கோருவது தனிநாடு கோருவதாகாது எனத் தீர்ப்பளித்திருக்கிறது.

கேட்கப்படாது போனோர்

ஆனால், அன்பர்களே, ஒரு வழக்கின் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி மறுபக்கத்தை மறைப்பது நமது தொழில் தருமத்துக்கு அடாது. அந்த அவுஸ்திரேலியாவிலும் கேட்கப்படாது போனோர் உண்டு. அம்மண்ணின் ஆதிக்குடிகளை மக்கள்தொகையிற்கூடச் சேர்த்தெண்ணலாகாது என்று அதே அரசியற் சட்டத்தின் 127ஆம் பிரிவு கூறியது. 1967இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பே அப்பிரிவை நீக்கியது. பெண்கள் வாக்களித்தது தெற்கு, மேற்கு அவுஸ்திரேலியாக்களில் மாத்திரமே. உடன்படிக்கை எழுதும் மேசையில் இடம்பெறாதவனுக்கு உடன்படிக்கையிலும் இடமில்லை.

இக்குற்றம் நம்மிடமும் உண்டு. 1957 ஜூலையில் எழுதப்பட்ட பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தின் பிரதேச சபைகள் வடக்குக்கும் கிழக்குக்குமே வகுக்கப்பட்டன. மறு ஆண்டே கிழிக்கப்பட்ட அவ்வொப்பந்தத்திற்கூட இக்கடற்கரையின் பெயர் இல்லை. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை தமிழ் பேசிய குடும்பங்கள் பல, இரண்டு மூன்று தலைமுறைக்குள் தமிழை விட்டுவிட்டன. நாம் யாழ்ப்பாணத்தில் மேடை போட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் இதுவும் நடந்தது.

அதனினும் பெரிய குற்றம் ஒன்றை இம்மேடையிற் சொல்லாது போக முடியாது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் 70,000க்கு மேற்பட்டோர், தமிழரின் பெயரால் ஆயுதம் ஏந்தியோரால் விரட்டப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோருக்கு இடம் கொடுத்தது இப்புத்தள மண். தன் வீட்டில் சிறியவனை வெளியேற்றியவன், பெரிய வீட்டில் தனக்கு அறை கேட்டால் யார் செவி கொடுப்பார்? வடக்கிலும் கிழக்கிலும் அமையும் எந்த ஆட்சியிலும் முஸ்லிம் மக்களின் பாதுகாப்பு முதற் பிரிவிலேயே எழுதப்பட வேண்டும். இதனை உதட்டளவிற் சொல்லவில்லை. சமஷ்டியின் உயிரே அதுதான்.

தோட்டக்காரருக்கு விடை

இனி, காலையிற் கேட்ட வினாவுக்கு வருகிறோம்.

கொழும்புக்கு அண்மையில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் சரிந்து உயிர்களைப் பலிகொண்டது. அதன் பின் கொழும்பின் குப்பைக்கு இடம் தேடியவர்கள் இம்மாவட்டத்து அருவக்காட்டையே உறுதிசெய்தனர். 2018, 2019ஆம் ஆண்டுகளில் புத்தளம் மக்கள், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும், வீதியில் இறங்கி வேண்டாம் என்றனர். அவர்களுக்காகப் பேசவேண்டிய வடமேல் மாகாண சபை எங்கே? அதன் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. தேர்தல் முறையை 2017இல் மாற்றினார்கள். எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றத்திலேயே தோற்கடித்தார்கள். 2019 முடிவதற்குள் ஒன்பது மாகாண சபைகளும் காலாவதியாயின. அடுத்த தேர்தலோ ஆண்டுக்கணக்கில் நடக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தந்த சபைகள் இவை. மத்திய அரசு தேர்தல் வையாது விட்டாலே மூடுண்டு போகும் சபைகள்! தாஸ்மேனியாவின் பாராளுமன்றத்தை அவுஸ்திரேலிய மத்திய அரசு இவ்வாறு மூடிவிட முடியுமா? முடியாது. கொடுத்த அதிகாரத்துக்கும் உடன்படிக்கையால் உறுதிசெய்த அதிகாரத்துக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

ஆகவே, தோட்டக்காரரே, சமஷ்டியால் உங்களுக்கு ஆவது இது: உங்கள் நிலத்தில் குப்பை கொட்டுமுன், உங்கள் கரையில் அனல்மின் நிலையம் எழுப்புமுன், உங்களைக் கேட்டாக வேண்டும், கேட்பதற்குக் கலைக்க முடியாத ஒரு சபை இருக்கவேண்டும். வடமேல் மாகாணத்தில் வாழும் சிங்களக் கமக்காரருக்கும் இதே உரிமை உரியது. மொழியைப் பொறுத்தவரை, அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் ஒரு வழி உண்டு. வடக்குக் கிழக்குக்கு வெளியிலும், சிறுபான்மை மொழியினரின் தொகையைக் கருதி, ஒரு பிரதேச செயலகப் பிரிவை இருமொழிப் பிரிவாக ஜனாதிபதி பணிக்கலாம். இன்று அது ஒருவரது தயவில் தங்கிய சலுகை. சமஷ்டிச் சட்டத்தில் அது நீதிமன்றத்தில் வழக்காடிப் பெறத்தக்க உரிமையாக எழுதப்படவேண்டும்.

நமது கடமை

ஜோன் குயிக்கின் பிரேரணையையே இக்கடற்கரையிலும் வைக்கிறோம். எந்தச் சமஷ்டி நகலும் வடக்கிலோ கொழும்பிலோ எழுதி முடிந்த பின் இங்கு வாசித்துக் காட்டப்படலாகாது. உடப்பு, முந்தல், கற்பிட்டி, புத்தளம் ஆகிய இடங்களில் முதலிற் கூட்டங்கள் கூடட்டும். படித்தவர்களே, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். காணிக் கச்சேரிக்குப் போனபோது தமிழில் பதில் கிடைத்ததா, கரைவலைப் பாடு எவருக்குரியது, உப்பளத் தொழிலாளிக்கு என்ன குறை, பிள்ளைக்குத் தமிழாசிரியர் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். கமக்காரரே, கடற்றொழிலாளரே, கேட்பவரிடம் மனந்திறந்து சொல்லுங்கள், கேட்காதவரிடம் சென்று "எங்களை ஏன் கேட்கவில்லை?" என்று கேளுங்கள். அருகிலுள்ள சிங்களக் கிராமத்தையும் கூட்டத்துக்கு அழையுங்கள். குப்பையை எதிர்த்த நாளில் கூடி நின்றவர்கள் உரிமை பேசும் நாளிலும் கூடி நிற்கலாம்.

கரைவலைக்கு இரண்டு கயிறுகள் என்பதை இவ்வூராருக்கு நாம் சொல்லித்தரத் தேவையில்லை. இரண்டு புறமும் ஒரே நிதானத்தில் இழுத்தால்தான் மடி நேரே வரும். 1833 முதல் இந்நாட்டில் ஒரு கயிறு மட்டுமே இழுக்கப்பட்டு வந்திருக்கிறது. மறு கயிற்றில் கைவைக்க உங்களை அழைக்கிறோம். அடுத்த கூட்டம் கற்பிட்டியில் நடக்கட்டும். அங்கே நாம் பேசுவதைக் குறைத்துக்கொள்வோம். நீங்கள் பேசுவதை எழுதிக்கொள்ளத் தாளோடு வருவோம்.