பின்னாலிருந்து தள்ளும் விமானம்

காரிமங்கலத்தில் நெடுஞ்சாலையைப் பிடித்தால் கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி பெங்களூரு. அங்கே தேசிய வானூர்தி ஆய்வகம் உருவாக்கிய ஒரு விமானத்தின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். சரஸ் விமானத்தின் முதல் மாதிரி. பதிவெழுத்து வி.டி.-எக்ஸ்.எஸ்.டி. சிறிய ஊர்களுக்கு 14 பேரை ஏற்றிச் செல்ல நம் நாட்டிலேயே வடிவமைத்த டர்போபிராப்.

நான் ஃபிட்டர் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன். இதன் படத்தைப் பலகையில் ஒட்டினால் போதும், கேள்வி வந்துவிடும்: "சார், ஃபேன் பின்னாடி இருக்கே, மாத்தி மாட்டிட்டாங்களா?"

சேலம் காமலாபுரத்தில் ஏ.டி.ஆர். விமானத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் விசிறி இறக்கைக்கு முன்னால் நின்று இழுக்கும். மாட்டுவண்டி மாதிரி. சரஸ் தள்ளுவண்டி. உடலின் பின்பகுதியில் இருபுறமும் எஞ்சின், அதற்கும் பின்னால் விசிறி. பயணிகளுக்கு இரைச்சல் குறைவு. இறக்கைமேல் கலையாத காற்று ஓடும். ஆனால் பாரமெல்லாம் பின்னால் போய்விடுகிறதே? அதற்குப் பிள்ளைகளிடம் ஒரு ஸ்கேலைக் கொடுப்பேன். ஒரு முனையில் நட்டு ஒன்றைக் கட்டி, விரல்மேல் நிறுத்தச் சொல்வேன். விரல் நட்டுப் பக்கமாக நகர்ந்தால்தான் ஸ்கேல் நிற்கும். "அப்ப இறக்கையையும் பின்னாடி தள்ளணும் சார்" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். வீட்டில் ஸ்கேல் இருந்தால் இப்போதே செய்து பாருங்கள் நேயர்களே, நான் பேசிக்கொண்டே இருக்கிறேன்.

2004 மே 29 அன்று இந்த விமானம் முதன்முதலாகப் பறந்தது. திட்டமிட்ட எடை 4,125 கிலோ. கட்டி முடித்தபோது ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு கிலோவையும் எஞ்சின்தானே தூக்க வேண்டும்? அதனால் 2007இல் பறந்த இரண்டாம் மாதிரிக்கு வலுவான எஞ்சின்கள் கொடுத்தார்கள்.

அந்த இரண்டாம் விமானம் 2009 மார்ச் 6 அன்று பிடதி அருகே விழுந்தது. ஓர் எஞ்சினை வானத்திலேயே நிறுத்தி, திரும்ப இயக்கிப் பார்க்கும் சோதனை. விமானிகள் பிரவீன் கோட்டேகொப்பா, தீபேஷ் ஷா, சோதனைப் பொறியாளர் இளையராஜா. மூவரும் விமானப்படையினர், மூவரும் உயிரிழந்தார்கள். இந்தப் பெயர்களைச் சொல்லாமல் சரஸ் பாடத்தை நான் முடித்ததே இல்லை.

அதன்பின் திட்டம் தேங்கிப்போனது. முதல் விமானம் பல ஆண்டுகள் தரையிலேயே நின்றது. அதைப் பிரித்துப்போடாமல் புதுப்பித்தார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு மனம் நிறைகிறது. 1,200 குதிரைத்திறன் எஞ்சின்கள், 104 அங்குல விட்டமுள்ள விசிறிகள். எதற்கு இவ்வளவு? தரையை விட்டு எழும்பியதும் ஓர் எஞ்சின் நின்றுபோனால், மற்றது தனியாகவே விமானத்தை மேலே ஏற்றியாக வேண்டும். 2018 ஜனவரி 24, மறுபடியும் பெங்களூரு வானம். 40 நிமிடம் பறந்தது. 8,500 அடி உயரம் தொட்டது. அன்று வகுப்பில் வேறு எதையும் நடத்த எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து வரவேண்டியது 19 இருக்கைகள் கொண்ட சரஸ் மார்க்-2. அது ஒருநாள் காமலாபுரம் ஓடுதளத்தில் இறங்க வேண்டும், அதன் எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்கும் கைகளில் நம் தருமபுரிப் பிள்ளைகளின் கையும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.