பீதியை வெல்லும் வழி
(காவாந்தண்டலத்தில் கிராம மக்களிடையே நிகழ்த்திய உரை)



நம் செய்யாறு பாலாற்றோடும் வேகவதியோடும் ஒன்றுகூடும் திருமுக்கூடல், காவாந்தண்டலத்திற்கு அதிகத் தொலைவில் உள்ள ஊரன்று. அங்குள்ள பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவசாலை ஒன்றைப் பற்றிக் கூறுகிறது. வைத்தியரும், அறுவை சிகிச்சை செய்பவரும், மூலிகை கொணர்வோரும், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்டிரும் அதற்கென நியமிக்கப்பட்டிருந்தனர். பிணியுற்றோரைப் பேணுவது பொதுக் காரியம் என்று கருதிய பூமி இது. இங்கு வாழும் நாம், வெளியே புண்ணாகத் தெரியாத ஒரு துன்பத்தை மட்டும் மறைத்து வைப்பதும், கண்டு நகைப்பதும் பொருந்துமா? பீதி என்னும் அத்துன்பத்தைப் பற்றியே இன்று சிந்திக்கிறோம்.

பேருந்தில் செல்லும்போதோ, சந்தைக் கூட்டத்தில் நிற்கும்போதோ, நள்ளிரவில் உறக்கத்தின் நடுவிலோ, காரணமின்றி ஒருவருக்கு நெஞ்சு படபடக்கிறது. மூச்சு முட்டுகிறது, கை கால் நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, விரல்கள் மரத்துப் போகின்றன. 'உயிர் போய்விடும், அல்லது புத்தி பேதலித்துவிடும்' என்ற எண்ணம் தோன்றுகிறது. சில நிமிடங்களில் உச்சத்தை எட்டும் இத்துன்பம் பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் தணிந்துவிடுகிறது. ஆனால் 'மறுபடியும் வருமோ' என்ற அச்சம் தணிவதில்லை. பேருந்தைக் கண்டால் பயம். தனியே இருக்கப் பயம். இறுதியில் வீட்டுத் திண்ணையே அவருக்கு உலகமாகிவிடுகிறது. வீட்டாரோ காற்று கருப்பு அடித்துவிட்டது என்று கருதி, மந்திரிப்பவரிடம் பணத்தை இழக்கின்றனர்.

இதன் காரணம் என்ன?

வரப்பில் நடக்கும்போது காலருகே பாம்பைக் கண்டால் நம் உடல் என்ன செய்கிறது? சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் என்னும் பொருள் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் விரைந்து துடித்துக் கை கால்களுக்கு மிகுதியான இரத்தத்தை அனுப்புகிறது. மூச்சு வேகமடைகிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் ஆயத்தமாகிறது. இது நம்மைக் காக்க இயற்கை அளித்த ஏற்பாடேயன்றி நோயன்று. கயிற்றைப் பாம்பென்று எண்ணினாலும் உடல் இவ்வாறே நடந்துகொள்ளும். அபாயம் ஏதுமில்லாதபோது இந்த ஏற்பாடு தானே விழித்துக்கொள்வதுதான் பீதி.

அப்போது நாம் இதயத்தின் துடிப்பைக் கண்டே அஞ்சுகிறோம். அந்த அச்சம் மேலும் அட்ரினலினைச் சுரக்கச் செய்கிறது. துடிப்பு இன்னும் மிகுகிறது. வேகவேகமாக மூச்சு வாங்குவதால் உடலிலுள்ள கரியமிலவாயு குறைந்து, தலைசுற்றலும் விரல் மரத்தலும் உண்டாகின்றன. அவற்றைக் கண்டு மேலும் அஞ்சுகிறோம். ஆகவே, பீதிக்கு இரை போடுவது பீதியைப் பற்றிய பயமே.

ஆஸ்திரேலிய நாட்டு மருத்துவப் பெண்மணி கிளேர் வீக்ஸ் என்பார் இதைத் தம் அனுபவத்திலேயே கண்டவர். இளமையில் அவருக்குக் காசநோய் என்று தவறாகக் கூறப்பட்டது. அதன்பின் நெஞ்சுப் படபடப்பு அவரை நெடுங்காலம் வாட்டியது. முதல் உலகப் போரில் ஈடுபட்டிருந்த நண்பர் ஒருவர், போர்முனை வீரர்களுக்கும் இத்தகைய படபடப்பு உண்டென்றும், அதைக் கண்டு அஞ்சுவதே அதை நீட்டிக்கிறது என்றும் எடுத்துரைத்தார். அவர் தெளிந்தார். பிற்காலத்தில் மருத்துவராகி, 1962-இல் இது குறித்து நூலொன்றும் வெளியிட்டார். பீதியை எதிர்கொள்வது, வந்ததை ஏற்றுக்கொள்வது, அதனோடு போராடாமல் மிதந்து செல்வது, காலம் கழியப் பொறுத்திருப்பது ஆகிய நான்குமே அவர் காட்டிய வழி.

உத்திரமேரூர் வட்டாரத்து உழவர்களுக்கு இது விளங்காத செய்தியன்று. ஏரி நிரம்பும்போது மிகையான நீரைக் கலங்கல் வழியே வழியவிடுகிறோம். கலங்கலை அடைத்தால் கரைக்குத்தான் ஆபத்து. பீதியையும் அவ்வாறே வழியவிட வேண்டும்.

நாமே செய்யக்கூடியவை

பீதி வந்தவுடன் ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்க முயல வேண்டும், இயலுமானால் அமரலாம். 'இது பீதி; முன்பும் வந்து போயிற்று; இப்போதும் போகும்' என்று மனத்திற்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். நான்கு எண்ணும் வரை மூக்கினால் மெல்ல மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிட வேண்டும். வயிறு எழுந்து தாழ வேண்டும். இதை நாள்தோறும் அமைதியான வேளையில் பழகிக்கொண்டால்தான் அவசரத்தில் கைகொடுக்கும்.

விட்டுவிட்ட காரியங்களைச் சிறிது சிறிதாக மீட்க வேண்டும். காஞ்சிபுரத்திற்குப் பேருந்தில் செல்ல அஞ்சுபவர், முதலில் நிறுத்தம் வரை சென்று நின்று வரலாம். பின்னர், துணையோடு ஒரு நிறுத்தம் வரை செல்லலாம். அடுத்து, தனியே செல்லலாம். ஒவ்வொரு படியிலும் அச்சம் தணியும் வரை அங்கேயே இருப்பது முக்கியம். உச்சத்தில் இறங்கி ஓடினால், 'ஓடியதால்தான் பிழைத்தோம்' என்ற தவறான பாடத்தையே மனம் கற்கும்.

காப்பியும் தேநீரும் அளவோடு இருக்கட்டும். நாள்தோறும் நடையும் போதிய உறக்கமும் வேண்டும். மது அச்சத்தைச் சில மணி நேரம் மறைத்து, மறுநாள் மிகுதியாக்கும். தூக்க மாத்திரைகளை மருத்துவரின் யோசனையின்றிக் கடையில் வாங்கி உண்பது அபாயகரமானது.

வீட்டாரின் கடமை

பீதியுற்றவரைச் சூழ்ந்துகொண்டு அலறுவது கூடாது. 'எல்லாம் பாசாங்கு' என்று ஏசுவதும் கூடாது. ஒருவர் அருகமர்ந்து, நிதானமான குரலில் பேசி, உடன் மூச்சு விட்டாலே போதும். அவருடைய வெளிவேலைகளையெல்லாம் நாமே செய்துவிடுவது அன்புபோல் தோன்றினும், அவருடைய அச்சத்தை வளர்ப்பதாகவே முடியும்.

மருத்துவரை நாடுவது எப்போது?

எல்லாப் படபடப்பும் பீதியன்று. இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, இதயநோய் ஆகியவற்றாலும் இது உண்டாகலாம். எனவே, முதன்முறை வந்தவுடனேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்வது அவசியம். மார்பை அழுத்தும் வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் ஆகியவை தோன்றினால் சிறிதும் தாமதியாமல் 108-ஐ அழைக்க வேண்டும். பரிசோதித்துக் குறையில்லை என்று அறிந்தபின் சுய முயற்சியைத் தொடங்கலாம். சில வாரங்கள் முயன்றும் குறையாவிடினும், வாழ்வில் வெறுப்புத் தோன்றினும், மனநல மருத்துவரை நாட வேண்டும். மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. 2022-இல் தொடங்கப்பெற்ற தொலைபேசி மனநலச் சேவையை, 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம்.

அன்பர்களே, அச்சம் கொள்வது கோழைத்தனமன்று. போர்வீரனுக்கும் வந்ததுதான் அது. அடுத்த வீட்டில் ஒருவர் பேருந்தேற அஞ்சித் திண்ணையிலேயே இருக்கக் கண்டால், நகைக்காமல் அவரோடு நிறுத்தம் வரை நடந்து செல்வோம். வயல் வேலைக்கு ஆள் கூடுவதைப் போல, இதற்கும் கூடுவோமாக!