பட்டத்துக்குப் பின்: அனைத்துலக உறவுப் படிப்பு



பட்டப்படிப்பை முடித்து வீடு திரும்பிய பிள்ளை, "அனைத்துலக உறவில் முதுகலை படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், தோட்டத்து வீட்டில் முதலில் எழும் கேள்வி, "அது என்ன படிப்பு?" என்பது. அடுத்தது, "அதைப் படித்தால் என்ன வேலை?" என்பது. இரண்டும் நியாயமான கேள்விகளே. பிள்ளையின் சம்பளம் எப்போது வரும் என்று காத்திருக்கும் குடும்பம், இன்னும் ஓராண்டோ ஈராண்டோ பொறுக்க வேண்டுமென்றால் கேட்கத்தான் செய்யும்.

நாடுகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன, பேரம் செய்கின்றன, பகைக்கின்றன, உடன்படுகின்றன என்று ஆராய்வதே இப்படிப்பு. இது நமக்குத் தூரத்துச் சங்கதியன்று. 1938இல் இந்திய அரசாங்கம், செலவுக்கு உதவி பெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் வருவதைத் தடை செய்தது. 1979இல் ரப்பரை விளைவிக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. விலை சரியும்போது சரக்கை வாங்கிக் கிடங்கில் வைப்பது, விலை ஏறும்போது அதை விற்பது என்பதே ஏற்பாடு. அதை நடத்திய அமைப்பின் தலைமையகம் நம் கோலாலம்பூரிலேதான் இருந்தது. 1999இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. விடியுமுன் பால்மரம் சீவப் போனவருக்கு, தம் மங்கில் சொட்டிய பாலின் விலையைப் பற்றி எங்கோ ஒரு மாநாட்டில் பேசுகிறார்கள் என்பது தெரிந்திருக்குமோ என்னவோ! இன்று செம்பனைக் காட்டில் நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் இங்கு வருவதும் அரசுகளுக்கிடையே நடக்கும் பேச்சுகளைப் பொறுத்ததே.

சரி, வேலைக்கு வருவோம். வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவில் சேர முதுகலைப் பட்டம் வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. நிர்வாக, அரசதந்திர அதிகாரி பதவிக்கு அங்கீகாரம் பெற்ற முதற்பட்டமும், எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் சிறப்புத் தேர்ச்சியும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பொதுச் சேவை ஆணையம் தேர்வு வைக்கும். மதிப்பீடும் நேர்முகமும் உண்டு. போட்டி மிகக் கடுமை. ஆகவே தூதரக வேலை ஒன்றே குறியென்றால், முதலில் அத்தேர்வை எழுதட்டும். வேலைக்குச் சேர்ந்தபின் மேற்படிப்பு படிக்கவும் வழி உண்டு. ஆராய்ச்சி, விரிவுரையாளர் பணி, அனைத்துலக அமைப்புகள் ஆகியவற்றை நாடும் பிள்ளைக்கே முதுகலை இப்போது தேவை. இந்த வேறுபாட்டைக் குடும்பம் முதலில் தெளிந்துகொள்ள வேண்டும்.

எங்கே படிப்பது? பாரிட் புந்தாரிலிருந்து கிரியான் ஆற்றைத் தாண்டினால் நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறதே என்பார்கள். அது பொறியியல் வளாகம். நம் காரியத்துக்கு ஆகாது. வடக்கே, தாய்லாந்து எல்லையை ஒட்டிய சிந்தோக்கில் 1984இல் தோன்றிய உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்தில் அனைத்துலக ஆய்வுக்கென்றே ஒரு கல்விப் பிரிவு உண்டு. தெற்கே மலாயாப் பல்கலைக்கழகத்தில் அனைத்துலக, வியூக ஆய்வுத் துறை உண்டு. பாங்கியிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்திலும், கோத்தா கினபாலுவிலுள்ள சபா பல்கலைக்கழகத்திலும் இத்துறையைக் கற்கலாம்.

பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட, படிப்பின் முறையைப் பார்ப்பது முக்கியம். வகுப்புக்குச் சென்று பாடங்களை எழுதி முடிப்பது ஒரு முறை. முழுக்க ஆய்வேடு எழுதுவது இன்னொரு முறை. இரண்டும் கலந்ததும் உண்டு. ஆய்வு முறையில் வகுப்பு குறைவு. கட்டணமும் பெரும்பாலும் குறைவு. ஆனால் எல்லாம் மேற்பார்வையாளர் ஒருவரைப் பொறுத்தது. அவர் எதை ஆராய்கிறார், மாணவருக்கு நேரம் ஒதுக்குவாரா, அவரிடம் ஆராய்ச்சி மானியம் இருக்கிறதா என்பதைச் சேருமுன்பே விசாரிக்க வேண்டும். மானியம் உள்ள பேராசிரியர் சிலர், உதவி ஆய்வாளராக வைத்துச் சிறு தொகையும் கொடுப்பார்கள். கடல் எல்லையை ஆராயும் ஒருவரிடம் போய், தொழிலாளர் குடிபெயர்வை எழுதப் போகிறேன் என்றால் இருவருக்கும் இடர்தான். நம் பிள்ளை தோட்டத்தைப் பற்றியே எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. தென்சீனக் கடலைப் பற்றியும் எழுதட்டுமே.

சிங்கப்பூருக்குப் போக விரும்புகிறவர்களும் உண்டு. அங்கே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எஸ். ராஜரத்தினம் பெயரால் ஓர் அனைத்துலக ஆய்வுக் கல்லூரி இருக்கிறது. முழுநேரமாகப் படித்தால் ஓராண்டில் முதுகலை முடியும். அந்த ராஜரத்தினம் யார்? 1915இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, கைக்குழந்தையாக மலாயாவுக்கு வந்து, சிரம்பான் பக்கத்து ரப்பர்த் தோட்டச் சூழலில் வளர்ந்தவர். இலண்டனுக்குச் சட்டம் படிக்கச் சென்றார். போர் மூண்டது, வீட்டிலிருந்து பணம் வர வழியில்லை, படிப்பு முடியவில்லை. எழுதிப் பிழைத்தார். பின்னர் 1965இல் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானார். 1967 ஆகஸ்ட் 8ஆம் நாள் பாங்காக்கில் ஆசியான் அமைப்பைத் தோற்றுவித்த ஐவரில் ஒருவராகக் கையெழுத்திட்டார். பட்டம் பெறாத அவர் பெயரில் இன்று பட்டம் வழங்குகிறார்கள்! ஆனால் கட்டணம் சிங்கப்பூர் வெள்ளியில். ஒன்றுக்கு நம் வெள்ளி ஏறக்குறைய மூன்று. உபகாரச் சம்பளம் கைக்கு உறுதியாகாமல் அங்கே காலடி வைக்க வேண்டாம் என்பதே நம் கருத்து.

வெளிநாட்டுப் படிப்பையோ தனியார் கல்லூரிப் படிப்பையோ முகவர் யாராவது கொண்டுவந்தால், முன்பணம் கொடுக்குமுன் அப்பட்டம் மலேசியத் தகுதி முகமையிலும் பொதுச் சேவைத் துறையிலும் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். முதற்பட்டத்துக்கு வாங்கிய கல்விக் கடன் பாக்கியிருந்தால், அதை எப்படித் தவணையில் கட்டுவது என்பதையும் கணக்கில் சேருங்கள். அப்பா ஓய்வு பெறும் ஆண்டு எது, அப்போது தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டுமா என்பதும் அதே கணக்கில் வர வேண்டியதுதான். கணக்கு இடிக்கிறதென்றால், வேலை செய்துகொண்டே பகுதிநேரமாகப் படிக்கலாம். காலம் கூடும், வீட்டில் சம்பளம் நிற்காது.

விண்ணப்பத்துக்கு முன் பிள்ளை செய்யவேண்டியது ஒன்று உண்டு. தான் எதை ஆராய விரும்புகிறேன் என்று ஒரே பக்கத்தில் எழுதி, இரண்டு மூன்று பேராசிரியர்களுக்கு அனுப்பட்டும். வரும் பதிலை வீட்டில் எல்லாரும் கேட்கும்படி தமிழில் சொல்லட்டும். பாட்டி குறுக்கே கேள்வி கேட்டால் அதற்கும் பதில் சொல்லட்டும்.