மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயும் அதனைத் துணியுமாறும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் வைத்தியரல்லேம், தமிழ் கற்பிப்பவரே. எனினும், இன்று கூறப்புகுந்த நோய் இருபது முதல் நாற்பது வயதிற்குட்பட்டோரையே, அவருள்ளும் மகளிரையே மிகுதியும் பற்றுவதாகலின், மக்களைப் பெற்ற நம்மனோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளை, மின்கம்பியின் மேலுறை போல, ஒரு கொழுப்புறை போர்த்துள்ளது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே மாறி அவ்வுறையை ஆங்காங்கே அழித்தலால் வருவது இந்நோய். ஒருமுறை ஒரு கண் மங்கும். சில வாரங்களில் தானே தெளியும். ஈராண்டு கழித்துக் கால் மரத்துப்போம், அதுவும் தணியும். இரண்டும் ஒரு நோயின் செயலென்று யார் கருதுவார்? பாரிஸ் நகரத்துச் சால்பேத்ரியேர் மருத்துவசாலையில் ஷார்க்கோ என்னும் பேராசிரியரே 1868-இல் இதனைத் தனி நோயாக விளங்க வரையறுத்தார்.

‘உண்டு’ ‘இல்லை’ என முடிவு கூறும் ஒற்றைச் சோதனை இந்நோய்க்கு இன்றுகாறும் இல்லை. முன்னாளில் நோயாளரை வெந்நீர்த் தொட்டியில் இருத்திப் பார்ப்பர். உடல் சூடேறப் பார்வை மங்கினும் கால் தளரினும் இந்நோயென ஐயுறுவர். துன்பமே மிகுந்த அச்சோதனை எம்.ஆர்.ஐ. படம் வந்தபின் வழக்கொழிந்தது.

நியூசிலாந்திற் பிறந்து இலண்டனிற் பணியாற்றிய மக்டொனால்டு என்பார் தலைமையில் ஓர் அறிஞர் குழு 2001-இல் விதிகள் வகுத்தது. அவை பின்னர்ப் பலமுறை திருத்தப்பெற்றன. அவற்றின் உயிர்நிலை, சிதைவு இடத்தாற் பரந்திருத்தலும் காலத்தாற் பரந்திருத்தலுமாம். (இடமும் காலமும் என்றவுடன் எமக்கு இலக்கண வகுப்பே நினைவிற்கு வருகின்றது!) 2017-ஆம் ஆண்டு விதிப்படி, மூளையின் மூன்று பகுதிகள், தண்டுவடம் ஆகிய நான்கிடங்களுள் இரண்டிலேனும் வடு வேண்டும். ஊசிவழிச் செலுத்திய மருந்தை ஏற்று ஒளிரும் புதுவடுவும் ஒளிராத பழவடுவும் ஒரு படத்திலேயே காணப்படின், அதுவே காலத்திற்குச் சான்று. முதுகுத்தண்டு நீரிற் காணும் புரதப் பட்டைகளும் அச்சான்றிற்கு ஈடாகும். 2024-ஆம் ஆண்டுத் திருத்தம் கண்ணரம்பையும் ஐந்தாம் இடமாகச் சேர்த்தது. சிலர்க்குக் காலச் சான்று இன்றியும் துணியலாம் என்றது.

ஆயின், படத்தில் வெண்புள்ளி கண்டவுடனே பெயரிடல் தகாது. ஒற்றைத் தலைவலியாலும் இரத்த அழுத்தத்தாலும் முதுமையாலும் அத்தகைய புள்ளிகள் வரும். பி12 உயிர்ச்சத்துக் குறைவும் கால்களை மரக்கச் செய்யும். அது மருந்தால் தீர்வது. கண்ணரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலிடிஸ் ஆப்டிகா என்பது வேறொரு நோய். அதனைக் காட்டும் இரத்தச் சோதனை 2004 முதல் அறியப்பட்டது. இந்நோய்க்குரிய மருந்துகளுட் சில அந்நோயை மிகுவிக்கும்! பெயர் பிழைப்பின் மருந்தும் பிழைக்கும்.

இவ்விடத்தே நம் இல்லங்களின் வழக்கம் ஒன்றைச் சொல்லாது விடுதற்கில்லை. மகட்கு வரன் தேடுங்கால், முன்பு கண் மங்கியதனை வைத்தியரிடத்தும் மறைப்பார் உளர். காலச் சான்றையன்றோ அவர் மறைக்கின்றார்! எந்த ஆண்டு, எந்தத் திங்கள், எந்தக் கண் என எழுதிக் கொண்டுபோதலே தக்கது.

முதுகில் ஊசியிட்டு நீரெடுப்பின் கால் விழுந்துவிடும் என்றஞ்சுவாரும் உளர். தண்டுவடம் இடுப்பின் மேற்பாகத்தளவில் முடிந்துவிடும். ஊசி அதற்கும் கீழே இடப்படுவது. சிலர்க்குச் சின்னாள் தலைவலி உண்டாகும். படுத்திருப்பின் அது தணியும்.