சிறு திருட்டுக்குச் சிறையா?



சந்தையில் ஒருவன் தள்ளுவண்டியில் இருந்து இரண்டு கிலோ வெங்காயம் திருடுகிறான். பிடிபடுகிறான். அவனை என்ன செய்வது?

“பசிக்கு எடுத்தான். விட்டுவிடுங்கள்” என்பார் சிலர். வண்டிக்காரப் பெண்ணும் கடன் வாங்கித்தானே சரக்கு எடுத்தாள்? அவள் வீட்டிலும் பசி உண்டு. ஆகவே திருட்டு குற்றம்தான்.

“கட்டி வைத்து அடியுங்கள்” என்பார் சிலர். அதுவும் குற்றமே.

சட்டம் என்ன சொல்கிறது? 1860ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதிலும் இத்தண்டனை உண்டு. ஆனால் 303ஆம் பிரிவு ஒரு வழி தருகிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருக்க வேண்டும். குற்றவாளி என்று தீர்ப்பாவது முதல் முறையாக இருக்க வேண்டும். பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தர வேண்டும். அப்போது தண்டனை சமூக சேவை. அதாவது, கூலி இல்லாமல் பொதுவேலை.

இது நல்லது என்பேன். பறிகொடுத்தவளுக்குப் பொருள் திரும்புகிறது. தவறியவனுக்குத் திருந்த வழி திறக்கிறது.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? இலவச சட்ட உதவி கேளுங்கள். அது ஏழையின் உரிமை.

கையை ஓங்கும் முன் சட்டத்தை நினைப்போம்.