கடல் நோக்கி நடக்கும் குஞ்சுகள்



அன்பான சகோதர சகோதரிகளே! கோவளம் தர்காவுக்கு ஜியாரத் போகும் நாம், பிள்ளைகளைக் கடற்கரைக்கும் அழைத்துப் போகிறோம். அந்த மணலில்தான் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் முட்டையிட வருகின்றன.

தாய் ஆமை குழி தோண்டி நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அந்தக் குழிக்குத் திரும்பி வராது. சுமார் 50 நாளில் குஞ்சுகள் தாமாக வெளியே வந்து, கடல் பக்கம் தெரியும் மெல்லிய வெளிச்சத்தை நோக்கி நடக்கும். தாயில்லாத அந்தக் குஞ்சுக்கு வழிகாட்டியவன் யார்? சுப்ஹானல்லாஹ்!

உயிரினங்களும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயம் (6:38) நமக்கு உணர்த்துகிறது. ஆனால் நாம் அடிக்கும் டார்ச், செல்போன் வெளிச்சம் குஞ்சுகளை வழி தவற வைத்துவிடும். அல்லாஹ் காட்டிய வழியை நாம் மறைக்கலாமா?

சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து முட்டைகளைக் காக்கிறார்கள். நம்மால் முடிந்தது, விளக்கை அணைத்து, குப்பை போடாமல், பிள்ளைகளோடு அமைதியாக நின்று பார்ப்பது. அந்த மகிழ்ச்சி ஈமானையும் வளர்க்கும், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் நம் உள்ளங்களில் இரக்கத்தைத் தருவானாக. ஆமீன்.