சென்னைக்குப் போகும் முன் ஒரு கணக்கு

(மேலப்பாளையத்தில் நடந்த மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் நம் அறக்கட்டளையின் பொருளாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



இன்று உங்களிடம் ஒரு கணக்கைப் படித்துக் காட்டப் போகிறேன். நம் ஊர்க் குடும்பம் ஒன்றின் கணக்கு. அவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பெயர் சொல்ல மாட்டேன். அதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் குடும்பம் சென்னைக்குப் போனபோது வண்டிக்கூலிக்காக அறக்கட்டளை பத்தாயிரம் ரூபாய் கொடுத்தது. அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். "சம்பளம் கூடுதலாமே, மாஷா அல்லாஹ், போய் நல்லா இருங்க" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பத்து மாதம் கழித்து அந்தத் தம்பி அலுவலக வாசலில் வந்து நின்றார். "காக்கா, திரும்பி வந்துட்டோம். உம்மா போட்டுவிட்ட நகை அடகுக் கடையில மூழ்கப் போவுது" என்றார். அன்றுதான் இருவரும் உட்கார்ந்து கணக்கு எழுதினோம். போகும் முன் எழுதியிருக்க வேண்டிய கணக்கு அது.

இங்கே அவருக்கு ஜவுளிக் கடையில் மாதம் 15,000 சம்பளம். சென்னையில் மண்ணடிப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் 28,000 தருவதாகச் சொன்னார்கள். சொன்னபடி கொடுத்தும் வந்தார்கள், அதில் குறை இல்லை. பதிமூவாயிரம் கூடுதல் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் இங்கே அந்த வீட்டின் வருமானம் 15,000 மட்டும்தானா? அவர் மனைவி பீடி சுற்றுகிறார். இலையும் தூளும் வாங்கி வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு தட்டை மடியில் வைத்தால் மாதம் ஐயாயிரம் ரூபாய் வரும். அதை அந்தத் தம்பி வருமானமாகவே எண்ணவில்லை. "அது அவ கைச் செலவுக்கு காக்கா" என்றார். பால் காசும் சீட்டுக் காசும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமும் அதிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தன.

ஆக இங்கே வருமானம் 20,000. குடியிருப்பது உம்மா வீடு, வாடகை இல்லை. சாப்பாடு, பால், கேஸ் எல்லாம் சேர்த்து 10,000. கரண்டும் போனும் 1,000. பள்ளிக்கூடச் செலவு 1,500. போக்குவரத்தும் மருந்தும் 1,500. கல்யாணம், காதுகுத்து, விருந்து என்று 1,500. மொத்தம் 15,500. மிச்சம் 4,500 ரூபாய்.

இப்போது சென்னைக் கணக்கு. பல்லாவரத்தில் இரண்டு அறை வீடு, வாடகை 11,000. தண்ணீருக்கும் பராமரிப்புக்கும் 1,000. கரண்டும் போனும் 1,800. சாப்பாடு 10,500. பள்ளிக்கூடமும் வேனும் 2,500. மின்சார ரயில் சீசன் டிக்கெட், ஷேர் ஆட்டோ, வெளியே குடிக்கும் டீ 1,200. ஊரில் தனியாக இருக்கும் உம்மாவுக்கு 3,000. மருந்து, சில்லறைச் செலவு 1,000. கூட்டிப் பாருங்கள், 32,000. வருமானம் 28,000. மாதாமாதம் நாலாயிரம் துண்டு விழுகிறது. இங்கே குறைந்த சம்பளத்தில் மிச்சம் பிடித்த குடும்பம், அங்கே கூடுதல் சம்பளத்தில் கடன் வாங்கியது.

இது மாதச் செலவுதான். போய் இறங்கிய செலவு தனி. அட்வான்ஸ் ஆறு மாத வாடகை, 66,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, 11,000. சாமான் ஏற்றிய வண்டிக்கு 14,000. ஆக 91,000. நாம் கொடுத்த பத்தாயிரம் போக மீதிக்குத்தான் நகை அடகுக்குப் போனது, வட்டிக்கு. வட்டி ஹராம் என்று தெரியாத வீடல்ல அது. அவசரத்தில் வேறு வழி தெரியவில்லை. கேட்டிருந்தால் வட்டியில்லாக் கடனுக்கு நாம் ஏற்பாடு செய்திருக்கலாம். கேட்க வேண்டியவன் நான், கேட்கவில்லை. வீட்டைக் காலி செய்தபோது பெயின்ட் அடிக்கவென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள். இங்கே வந்து பார்த்தால் பீடிக்கடையில் அந்தப் பெண்ணின் பாஸ் புத்தகம் இல்லை. இப்போது லாத்தாவின் புத்தகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

தாய்மார்களே, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் பீடி சுற்றுவது வருமானம். மாமியார் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது வருமானம். சொந்த வீடு வருமானம். மாதக் கடைசியில் முகம் சுளிக்காமல் பற்று எழுதும் மளிகைக் கடையும் ஒரு வகையில் வருமானம்தான். ஊரை விட்டுப் போகும்போது இவை எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகின்றன. வீட்டு ஆண்கள் கணக்குப் போடும்போது இவற்றையும் எழுதச் சொல்லுங்கள்.

அப்படியானால் யாரும் சென்னைக்குப் போகவே கூடாதா? அப்படிச் சொல்ல வரவில்லை. நம் ஊரிலிருந்து போய் நன்றாக இருக்கும் இன்னொரு குடும்பத்தையும் எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பெண் நர்ஸிங் படித்தவர். கணவர், மனைவி இருவருக்கும் வேலை உறுதியான பிறகே வீடு பார்த்தார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவருடைய உம்மாவும் கூடவே போனார். அங்கே இரண்டு சம்பளம், அதனால் வாடகை கொடுத்த பிறகும் கையில் நிற்கிறது. கல்யாணம் ஆகாத தம்பிமார்களுக்கும் கணக்கு வேறு. திருவல்லிக்கேணியில் நான்கு பேர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரிய மருத்துவமனை, உயர்படிப்பு, தொழில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு என்று பணத்தால் அளக்க முடியாத காரணங்களும் உண்டு. அதற்காகப் போகிறவர்கள், "மாதம் இவ்வளவு துண்டு விழும், அதை இப்படி ஈடுகட்டுவோம்" என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

போவதென்று முடிவு செய்தவர்களுக்குச் சில விஷயங்கள்.

முதலாவது வீடு. பெயரைக் கேட்டதும் "வீடு போயிருச்சே" என்று சொல்லும் ஆட்களும் அங்கே இருக்கிறார்கள். நம்மவர்களில் பலருக்கு அந்த அனுபவம் உண்டு. அதனால் மண்ணடி, திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை என்று நம் மக்கள் நிறைந்த இடங்களையே எல்லோரும் தேடுகிறோம். அங்கே சின்ன வீட்டுக்கும் போட்டி. வீடு தேட ஒரு வாரம் போதும் என்று நினைக்காதீர்கள். குடும்பத்தைப் பற்றி முழுவதும் சொல்லி, உரிமையாளர் வாயால் சம்மதம் கேட்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.

இரண்டாவது அட்வான்ஸ். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு விதமாக எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் என்ற பழைய பழக்கம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் சட்டம் தெரிந்தவர் பேசினால் கொஞ்சமாவது குறையும். பெயின்ட் செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கரண்ட். வாரியக் கட்டணமா, அல்லது சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் வாங்குகிறாரா? கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே இணைப்பில் மூன்று வீடு ஓடினால் இலவச யூனிட் உங்கள் கணக்குக்கு வந்து சேராது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டுமா என்பதையும் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

நான்காவது, செலவைக் குறைக்கும் வழிகள். ரேஷன் அட்டையை ஊரில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த அட்டையைக் காட்டிக் கைரேகை வைத்து சென்னையிலும் பொருள் வாங்கலாம். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மின்சார ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு கிடைத்தால் வாடகை ஐந்நூறு கூடுதல் என்றாலும் லாபம்தான்.

ஐந்தாவது, ஊருக்கு வந்துபோகும் செலவு. இதை எழுத மறந்துவிடுகிறோம். நான்கு பேர் வந்துபோனால் ஒரு மாதச் சேமிப்பு போய்விடும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் தொடங்குகிறது. பெருநாளோ பிறையைப் பார்த்து வருவது. டிக்கெட் கிடைக்காமல் ஆம்னி பஸ்ஸில் பல மடங்கு கொடுத்து வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். தென்மாவட்டப் பேருந்துகளும் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுவதால் அங்கே போய்ச் சேர ஒரு செலவு.

கடைசியாக, முதலில் ஆண் மட்டும் போகட்டும். மூன்று மாதம் அறையில் தங்கி, செலவைத் தன் கையால் எழுதிப் பார்க்கட்டும். வேலை நிலைக்குமா, முதலாளி எப்படிப்பட்டவர், பள்ளிக்கூடம் எங்கே என்று பார்த்த பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்ளட்டும். படிப்பாண்டின் நடுவில் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போகாதீர்கள். பீடிக்கடைப் புத்தகத்தை என்ன செய்வது, உம்மா யாரோடு இருப்பார் என்பதையும் போகும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகக் குழுவில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். இனி வெளியூர் குடிபெயர உதவி கேட்டு வருபவர்களோடு உட்கார்ந்து, இந்த ஊர்க் கணக்கையும் அந்த ஊர்க் கணக்கையும் ஒரே தாளில் எழுதுவோம். உதவியை மறுப்பதற்காக அல்ல. கணவனும் மனைவியும் சேர்ந்து வர வேண்டும். கணக்கு சரியாக வந்தால் அட்வான்ஸுக்கு வட்டியில்லாக் கடன் தர முயல்வோம், இன்ஷா அல்லாஹ். நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்குப் போகாதீர்கள், முதலில் இங்கே வாருங்கள்.

அந்தத் தம்பி இப்போது பழைய கடையிலேயே வேலை பார்க்கிறார். நகையை மீட்க மாதம் கொஞ்சம் கட்டுகிறார். இந்தக் கணக்கைச் சபையில் சொல்லலாமா என்று கேட்டபோது அவர் மனைவிதான் பதில் சொன்னார்: "சொல்லுங்க காக்கா, இன்னொரு வீட்டு நகையாவது தப்பட்டும்."

வஸ்ஸலாம்.